அழுதால் வரும் அக்கா

கும்மிடிப்பூண்டி
24.6.2025

அக்கா,

இந்த ஞாயிறும் நீ வரவில்லை. போன ஞாயிறும் வரவில்லை.

தாவீதிடம் கேட்டேன். "வரமாட்டாங்களாம்" என்றார். ஏன் என்றேன். "எனுக்கு இன்னா தெரியும், உங்க அக்காவையே கேளு" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினோரு வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு அந்த முகம் தெரியாதா.

போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டேன். அது அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. யாராக இருந்தாலும் "இப்ப எப்படி கீது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதனால்தான் இந்தக் காகிதம். எழுதி நாளாகிவிட்டது, கை வலிக்கிறது.

நீயும் வரும்போதெல்லாம் கேட்பாய், உனக்கு இன்னாடி ஆச்சு என்று. ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னால் சொல்ல முடியாத விஷயம். வேலை போகவில்லை. வீட்டில் யாரும் சாகவில்லை. தாவீது குடிப்பதில்லை, அடிப்பதில்லை. பிள்ளை இல்லாத துக்கம் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் இல்லை. அது பழகிப்போனது.

கம்பெனியில் கார் கண்ணாடியைச் சுற்றிப் போடுகிற ரப்பரை விரலால் தடவிப் பார்ப்பதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். ஒரு கீறல் என்று நான் எடுத்து ஓரமாக வைத்தால் லைன் நிற்கும். சூப்பர்வைசர் வருவார், பசங்கள் வருவார்கள், "சுகிக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். கேமரா மெஷின் வந்த பிறகு என்னை பேக்கிங்கில் போட்டார்கள். அதே சம்பளம். அங்கே நான் பெட்டியை ஒட்டினாலும் ஒன்றுதான், ஒட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவள் ஒட்டிவிடுவாள். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் போகவில்லை. அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக மறுநாளும் போகவில்லை. பிறகு சபைக்கு, பிறகு கடைக்கு. இப்போது வாசல்வரைதான்.

நீ ஏன் வரவில்லை என்று மட்டும் எழுது.

சுகிர்தா


திருவள்ளூர்
28.6.2025

சுகி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். அவசரமாக டைப் அடிக்க வேண்டிய மனு ஒன்று பாதியில் கிடந்தது. வக்கீல் ஐயா எழுந்து வெளியே போய்விட்டார், நல்ல மனுஷர்.

மறைக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். படித்து முடிக்கிறவரை காகிதத்தைக் கிழிக்காதே. உனக்கு மாத்திரை வாங்கலாம் என்று இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆள் வராமல் மாத்திரை கொடுக்க மாட்டோம் என்றார்கள், நியாயம்தான். ஆனால் அங்கே ஆலோசனை சொல்கிற ஒரு மேடம் என்னை உட்காரவைத்துப் பேசினார். சின்ன வயசுதான், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

"தங்கச்சியைப் பாக்க எப்பல்லாம் போறீங்க?" என்றார்.

"எல்லா ஞாயித்துக்கெழமயும் மேடம். நடுவுல அவ அழுவுறான்னு அவங்க ஊட்டுக்காரர் போன் பண்ணா லீவு போட்டுனு ஓடுவேன்."

"அவங்க நல்லா வேலைக்குப் போய்க்கிட்டிருந்தப்போ?"

கிறிஸ்துமஸுக்கு வந்திருப்பேன். ஈஸ்டருக்கு நீ வந்திருப்பாய். அவ்வளவுதானே?

"அவங்க எழுந்து ஒரு வேலை செஞ்ச அன்னைக்கு யாராவது கவனிக்கிறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எதைச் செஞ்சா பதிலுக்கு ஏதாவது வருதோ, மனுஷங்க அதைத்தான் திரும்பச் செய்வாங்க. உங்க தங்கச்சிக்கு வேலையில வந்துக்கிட்டிருந்த பதில் நின்னுபோச்சு. வேற எதைச் செஞ்சாலும் பதில் இல்லை. படுத்தா மட்டும் எல்லாரும் வர்றாங்க. அவங்க வேணும்னு செய்றாங்கன்னு நான் சொல்லலை. அவங்களுக்கே தெரியாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் இதுதான் மண்டைக்குள் ஓடியது. உன் தலைமாட்டில் உட்கார்ந்து தலை கோதிக் கோதி உன்னை நானே படுக்கையோடு ஒட்டவைத்துவிட்டேனோ என்று பயம் வந்துவிட்டது. தாவீதிடம் சொன்னேன். "கொஞ்ச நாளு நான் வரல, நீயும் சோத்தை கட்டிலுக்கு எடுத்துனு போவாதே" என்றேன். அவர் பாவம், தலையை ஆட்டினார். ஆனால் இன்னும் எடுத்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைக்கிறேன்.

ஆகவே கேள். காலையில் எழு. குளி. முனையில் இருக்கிற கடைவரை நடந்து போய் ஒரு பால் பாக்கெட் வாங்கி வா. வாங்கினேன் என்று எனக்கு எழுது. அடுத்த ஞாயிறே வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு வருகிறேன். இது சத்தியம்.

உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா
மோனிகா


கும்மிடிப்பூண்டி
3.7.2025

அக்கா,

முழுக்கப் படித்தேன். கிழிக்கவில்லை.

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு செக்யூரிட்டிக்காரர் நாய் வளர்க்கிறார். பிஸ்கட்டை மேலே தூக்கிப் பிடிப்பார். அது இரண்டு காலில் நிற்கும். நின்றால்தான் பிஸ்கட். நான் பால் பாக்கெட் வாங்கினால் வஞ்சிரமா?

நான் நடிக்கிறேன் என்று நீ எழுதவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை வேறு எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் உட்கார்ந்து என் அழுகைக்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

உன்மேல் கோபம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கோபம் வரவேண்டிய இடம் இது என்று தெரிகிறது. வரவில்லை. பல் பிடுங்க மரப்பு ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி.

பால் பாக்கெட்டை தாவீது வாங்கி வருவார். நீ எழுத வேண்டாம்.

சுகிர்தா


திருவள்ளூர்
21.7.2025

சுகி,

எழுத வேண்டாம் என்றாய். இதற்கு முன்னால் ஒன்று போட்டேன், பதில் இல்லை. இதற்கும் போடமாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. ஆராதனைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெறுங்கையோடுதான் போனேன், குழம்பு எதுவும் இல்லை. பெரியபாளையம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆடி முதல் ஞாயிறு, கேட்கணுமா. மஞ்சள் புடவை, வேப்பிலை, மடியில் கோழி, எல்லாம் பவானி அம்மன் கோயிலுக்கு. ஒரு அம்மா, "நீயும் வேண்டுதலா கண்ணு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது.

பெரியபாளையத்தில் இறங்கி உன் ஊர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது. ஏறவில்லை. நீ எழுதியது ஞாபகம் வந்தது. வந்து நின்றால் கதவைச் சாத்துவாயோ என்று பயம். சாத்தாமல் என் மடியில் தலை வைத்து அழுவாயோ என்று அதைவிடப் பயம். அப்படியே எதிர்ப்பக்கம் போய் திருவள்ளூர் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

தாவீதுக்குத் தினம் சாயந்திரம் போன் செய்கிறேன். "சாப்டா, தூங்குறா" என்கிறார். ஒருநாள் மட்டும், "அவ எதனா தப்பா பண்ணிக்குவாளோன்னு பயமா கீதுக்கா, கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சிக்கிறேன்" என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. அப்படி எதுவும் மனதில் இருந்தால் சொல்லிவிடு சுகி. பால் பாக்கெட், மேடம், எல்லாம் அப்புறம். சொன்னால் உடனே வருவேன்.

மோனிகா


கும்மிடிப்பூண்டி
30.7.2025

அக்கா,

சாக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கும் எழுந்திருக்க வேண்டும். கத்தியைத் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டேன், வெங்காயம் அரிய வேறு இல்லை.

வேறு ஒன்று நடந்தது. உன் மேடத்துக்காகச் செய்யவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக்கு ஒடிசாக்காரர்கள் குடி வந்திருக்கிறார்கள். அவன் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்கிறான். அவள் பெயர் பசந்தி. கர்ப்பமாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். திறந்தேன். வயிற்றைத் தொட்டுக் காட்டி, "தீதி, ஆஸ்பத்திரி" என்றாள். தீதி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. தமிழ் அவளுக்கு வராது. அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தான்.

எனக்கு முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவளுக்குப் புரியவைப்பதைவிடச் செருப்பு மாட்டிக்கொள்வது சுலபமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

தாவீது நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டு எழுந்துவிட்டார்.

"எங்க போற? உனுக்கே முடியல. உடு, நான் இட்டுனு போறேன்."

"நீ தூங்கு. பொம்பள சமாச்சாரம்."

"வழியில மயக்கம் கியக்கம் வந்துச்சினா?"

"வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான போய்க்கினு இருக்கிறேன்" என்றேன்.

ஷேர் ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெயிலில் கண் கூசியது. சீட்டுப் போடுகிற இடத்தில், "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "பக்கத்து ஊட்டுக்காரி" என்றேன். நர்ஸம்மா, "அவங்ககிட்ட கேளுங்க, கொழந்த அசையுதான்னு" என்றார். எனக்கு ஒடியா தெரியாது. என் வயிற்றில் கை வைத்து மீன் மாதிரி அசைத்துக் காட்டினேன். பசந்தி சிரித்துவிட்டாள். அசைகிறதாம். ரத்தம் கம்மி, சத்து மாத்திரை, கீரை என்று சொல்லி அனுப்பினார்கள்.

இங்கே முருங்கைக்கீரை எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நானே பொரியல் செய்து கொடுத்தேன். அடுப்பு பற்றவைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியவில்லை. எனக்கும் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ருசி எதுவும் தெரியவில்லை. அவள் கிண்ணத்தைக் கழுவி, அதில் பொரி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதே. இல்லை. போனேன், வந்தேன். வந்து சாயந்திரம்வரை படுத்திருந்தேன்.

சுகிர்தா


திருவள்ளூர்
2.8.2025

என் தங்கமே,

சபாஷ்! சபாஷ்டி! உன் காகிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். மீன் மாதிரி கையை ஆட்டினாயாமே! கோயம்புத்தூருக்குப் போன் போட்டு ஜோஷ்வாவிடம் சொன்னேன். "சித்தி சூப்பர்மா" என்றான். பரீட்சை இருக்கிறதாம், உடனே வைத்துவிட்டான்.

நீ செருப்பு மாட்டிக்கொண்டாயே, அது போதும். மேடம் சொன்னது சரியாய்ப் போயிற்று பார்த்தாயா? மனசு நன்றாக ஆன பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்கக் கூடாதாம். முதலில் எழுந்து எதையாவது செய்துவிட வேண்டும், மனசு அப்புறம் மெதுவாகப் பின்னால் வருமாம். இதை உனக்கு எழுதத்தான் இருந்தேன், அதற்குள் நீயே செய்து காட்டிவிட்டாய்.

10-ஆம் தேதி ஞாயிறு வருகிறேன். வஞ்சிரம்தான். அந்த ஒடிசாப் பெண்ணுக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறேன். இனிமேல் ஒவ்வொரு வாரமும் நீ என்னென்ன செய்தாய் என்று எனக்கு எழுதிவிடு, அதைப் பார்த்துக்கொண்டு நான் வருவேன். சரியா?

உன் அக்கா
மோனிகா


கும்மிடிப்பூண்டி
6.8.2025

அக்கா,

10-ஆம் தேதி வராதே.

கோபத்தில் எழுதவில்லை. நீ சபாஷ் போட்ட காகிதம் வந்த அன்று முழுக்க நான் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். பசந்தி என்னைக் கூப்பிட்டது எனக்கு உடம்பு சரியாவதற்காக இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்றே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஆஸ்பத்திரி தெரியாது, எனக்குத் தெரியும். அவ்வளவுதான் அங்கே இருந்தது. நீ அதை எடுத்து மார்க் போட்டுவிட்டாய். இப்போது எழுந்தால் உனக்காக எழுந்த மாதிரி இருக்கிறது. நீ வந்து குழம்பு ஊற்றினால், நான் எழுந்ததற்குக் கூலி வாங்கிய மாதிரி ஆகிவிடும்.

நேற்று மறுபடி தட்டினாள். போனேன். ரத்தம் எடுக்கிற வரிசையில் ஒருத்தி பசந்தியை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். "இன்னாம்மா, கண்ணு தெரியல? புள்ளத்தாச்சி நிக்கிறா இல்ல, பின்னால போ!" என்று கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. காது சூடானது. கோபம்தான் அக்கா. அப்புறம் ரொம்ப நேரம் அது போய்விட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் வரும்போது போய்விட்டது. மறுபடி மரத்துப்போனது.

மேடம் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. படுத்தால் நீ வருவாய் என்று எனக்குள்ளே எங்கோ தெரிந்திருக்கலாம். இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் நீ மேடம் இல்லை. நீ எனக்கு அக்கா.

கொஞ்ச நாள் போகட்டும்.

சுகிர்தா


திருவள்ளூர்
19.8.2025

சுகி,

சரி.

வரவில்லை. மீனுக்கு வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது.

மேடத்தைப் போய்ப் பார்த்தேன். நான் போவதை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நான் போகாதீங்கன்னு சொல்லலையேம்மா. படுத்திருக்கிறப்போ மட்டுமே போகாம, அவங்க நடமாடுறப்பவும் போங்கன்னுதான் சொன்னேன்" என்றார். அப்படித்தான் சொல்லியிருப்பார். என் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது.

இரண்டு ஞாயிறாக ஆராதனைக்குப் போகவில்லை. போனால் சுகிர்தா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறாள் என்றால் அதோடு பேச்சு முடிந்துவிடும். முன்பெல்லாம் சனிக்கிழமை சாயந்திரமே மீன் மார்க்கெட், மசாலா, டிபன் கேரியர் என்று ஓடுவேன். ஜோஷ்வா அப்பா செத்துப்போய், அவனும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு எனக்கு அந்த ஒருநாள்தான் இருந்திருக்கிறது. அது நின்ற பிறகுதான் தெரிகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கிடக்கிறேன். சென்னைக்குப் போகிற ரயில் சத்தம் கேட்கும். எழுந்து சோறு வடிக்கச் சோம்பலாக இருக்கிறது. ஊறுகாய் இருக்கிறது.

ஆபீஸில் டைப் அடித்ததில் தப்பு வந்துவிட்டது. ஐயாவே பேனாவால் திருத்திவிட்டார்.

ஒன்றும் இல்லை. களைப்புதான்.

மோனிகா


கும்மிடிப்பூண்டி
25.8.2025

அக்கா,

உன் காகிதத்தை தாவீதிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இது நீ எழுதுனதாட்டம் கீதே" என்றார்.

ஒன்றும் இல்லை, களைப்புதான் என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை நான் நன்றாக அறிவேன். ஆராதனைக்குப் போகாத அன்று உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியை நம்பாதே. அது மட்டும் சொல்கிறேன், வேறு புத்தி சொல்லமாட்டேன்.

தாவீது போனை பீரோவிலிருந்து எடுத்து சார்ஜில் போட்டார். உனக்கு அடிக்கலாம் என்று எடுத்தேன். நீ எடுத்து, "நான் நல்லா கீறேன்டி" என்று குரலை ஏற்றிச் சொல்லிவிடுவாய் என்று தோன்றியது. வைத்துவிட்டேன்.

நான் முழுசாகச் சரியாகிவிட்டேன் என்று நினைக்காதே. கம்பெனிக்கு இன்னும் போகவில்லை. மறுபடி பேக்கிங்குக்குப் போவேனா என்று தெரியாது. வாரத்தில் பாதி நாள் எழுகிறேன், பாதி நாள் இல்லை. எழாத நாளில் பசந்தி தட்டுகிறாள். அவளுக்கு என் கதை தெரியாது, அதனால் தட்டுவதை நிறுத்துவதும் இல்லை. அவளைப் பார்த்து இன்னொரு ஒடிசாக்காரி வந்து நிற்கிறாள், அவளுக்கு ஆதார் ஆபீஸ் போக வேண்டுமாம். போவேன் என்று நினைக்கிறேன். சோறு இன்னும் சும்மா சோறாகத்தான் இருக்கிறது. கீரையில் ஒருநாள் உப்பு கூடிவிட்டது, அது தெரிந்தது.

வருகிற ஞாயிறு நான் திருவள்ளூர் வருகிறேன். தாவீது கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். பெரியபாளையத்தில் பஸ் மாறிக்கொள்வேன். கூட்டமாகத்தான் இருக்கும். வந்துவிடுவேன்.

நான் சரியாகிவிட்டதைக் காட்ட வரவில்லை. நீ படுத்துவிட்டாய் என்பதற்காகவும் வரவில்லை. நீ எழுந்து வீட்டைப் பெருக்கி மீன் குழம்பு வைத்திருந்தாலும் வருவேன். குளிக்காமல், சோறு வடிக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும் வருவேன். பக்கத்தில் நானும் படுத்துக்கொள்கிறேன். சாயந்திரம் இரண்டு பேரில் யாராவது ஒருத்தி எழுந்து டீ போடுவோம்.

பஸ் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனக்காகக் காத்திருக்காதே. பசித்தால் சாப்பிடு.

சுகிர்தா